சுவரில் எழுதிய பெயர்கள்



சென்ற கோடை விடுமுறையில், என் சித்தப்பா வேலை பார்க்கும் பிராக் நகருக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். பிராக், செக் குடியரசின் தலைநகரம். வல்டவா ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது.

முதல் நாள், பழைய நகரச் சதுக்கத்தில் 1410-இல் அமைத்த வானியல் கடிகாரத்தைப் பார்த்தோம். மணி ஆனதும் ஓர் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணி அடிக்கும். மேலே இரண்டு ஜன்னல்கள் திறந்து, ஏசுநாதரின் சீடர்கள் 12 பேரும் வரிசையாக வந்து போவார்கள். கடைசியில் தங்கச் சேவல் கூவும். "சேவலுக்குத் தொண்டை கட்டிடுச்சு போல" என்றாள் என் தங்கை. ஒரே சிரிப்பு! பிறகு, 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தில் நடந்து, 30 சிலைகளையும் எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் சித்தி எங்களைப் பிங்காஸ் ஜெப ஆலயத்துக்கு அழைத்துப் போனார். அது யூதர்களின் பழைய வழிபாட்டு இடம். "மறுபடியும் பழைய கட்டடமா? ஐஸ்கிரீம் சாப்பிடப் போகலாமே" என்று முணுமுணுத்தேன். "முதல்ல உள்ள வாடா, அப்புறம் பேசு" என்றார் சித்தி.

உள்ளே போனதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. சுவர் முழுக்கப் பெயர்கள்! இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்களைக் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். 1950-களில் எழுதியவை பின்னர் அழிக்கப்பட்டுவிட்டன. 1990-களில் மீண்டும் எழுதினார்களாம்.

மாடியில் குழந்தைகள் வரைந்த ஓவியங்கள் இருந்தன. வீடு, பூ, பட்டாம்பூச்சி... நம்ம ஸ்கூல் பிள்ளைகள் வரைவது மாதிரியே! அவற்றை வரைந்தவர்கள் டெரசின் என்ற ஊரில் அடைக்கப்பட்டிருந்த சிறுவர் சிறுமியர். அவர்களுக்கு ரகசியமாக ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் ஃபிரீடல் டிக்கர் பிராண்டைஸ். அவரும் அங்கே கைதிதான். படத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வாராம். அங்கே கைதிகளுக்கு எண் உண்டு. அவர் வகுப்பில் பெயர் உண்டு! 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். பிள்ளைகளிலும் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. இரண்டு பெட்டிகளில் மறைத்து வைத்த சுமார் 4,500 ஓவியங்கள் மட்டும் தப்பின.

ஒரு படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். என் வயதுப் பிள்ளை வரைந்தது. தங்கை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்த பிறகு யாரும் ஐஸ்கிரீம் கேட்கவில்லை.

நண்பர்களே, இந்தச் சுவர் இதழுக்குப் படம் கேட்கும்போதெல்லாம் "எனக்கு வரையவே வராது மிஸ்" என்று நழுவியவன் நான். கலர் பென்சில் டப்பா நிறைய இருந்தும் வரையவில்லை. அந்தப் பிள்ளைகளோ பசியிலும் பயத்திலும், கிடைத்த காகிதத்தில் வரைந்தார்கள்.

இதன் கீழே முதன்முதலாக ஒரு படம் வரைந்திருக்கிறேன். சார்லஸ் பாலம். கொஞ்சம் கோணலாகத்தான் வந்திருக்கு, சிரிக்காதீங்க! ஆனால் மூலையில் என் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறேன்.



– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்