மாமா, அந்தச் சந்தாவைக் கட்டவா?

போன வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். திருவண்ணாமலையில் வாடகைக் கார் ஓட்டுகிறான். தாட்கோ மூலம் கடன் வாங்கி எடுத்த வண்டி. தவணை இன்னும் மூன்று வருடம் பாக்கி.

“மாமா, வண்டியில ஒரு கேமரா மாட்டுனேனே, அதுக்கு ஃப்ரீ முடிஞ்சிடுச்சு. இனிமே மாசம் ஐந்நூறு கட்டணுமாம். கட்டவா, வேணாமா?”

அந்தக் கருவிக்கு இரண்டு கண்கள். ஒன்று சாலையைப் பார்க்கும். முன்னால் போகும் வண்டியை அதிகம் நெருங்கினாலோ கோட்டைத் தாண்டினாலோ கத்தும். இன்னொன்று ஓட்டுநர் முகத்தைப் பார்க்கும். கண் சொருகினால் கத்தும். சந்தா கட்டாவிட்டால் வெறும் வீடியோ மட்டும் பதிவாகும்.

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். மாடும் ஆட்டோவும் பக்தர்களும் நெருக்கும் நம்ம ஊர்த் தெருவில் அது ஓயாமல் கத்தும். கோடே போடாத கிராமத்துச் சாலையில் எந்தக் கோட்டைப் பார்க்கும்? உழைக்கிறவன் முகத்தைப் படம் பிடித்து யாரோ ஒரு கம்பெனிக்கு அனுப்ப, நாமே காசு கட்டுவதா?

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்.

கொடைக்கானலுக்கு ஒரு குடும்பத்தை அழைத்துப் போயிருக்கிறான். அவர்கள் தங்கிய லாட்ஜில் டிரைவருக்கு இடம் இல்லை, வண்டியிலேயே படுத்துக்கொள் என்றார்களாம். குளிரில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தபடியே கழிந்தது. மூன்றாம் நாள் மாலை, விடிவதற்குள் ஊர் சேர வேண்டும் என்று கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அரூர் தாண்டி தானிப்பாடி பக்கம் வரும்போது கருவி கத்தியது. விழித்துப் பார்த்தால் வண்டி புளியமரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“பின்னாடி ரெண்டு குழந்தைங்க தூங்கினு இருந்துச்சு மாமா.”

என் வாதம் அங்கேயே நின்றுபோனது.

தோழர்களே, அவன் கண் ஏன் சொருகியது? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. சொந்த வண்டி ஓட்டுபவனுக்குத் தவணைத் தேதிதான் முதலாளி. 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. தங்க வருபவர்களின் ஓட்டுநர்களுக்குத் தூங்கும் இடமும் கழிப்பறையும் குளியலறையும் ஓட்டல்களும் லாட்ஜுகளும் தர வேண்டும். விதி ஏட்டில் இருக்கிறது. பௌர்ணமி ராத்திரியில் நம்ம ஊரைச் சுற்றி வாருங்கள், வண்டிக் கதவைத் திறந்துபோட்டு காலை வெளியே நீட்டித் தூங்குகிறவர்களைப் பார்க்கலாம். அந்தக் கருவி ஓட்டுநரைப் பார்த்துக் கத்தும். லாட்ஜைப் பார்த்துக் கத்தாது.

1929-இல் சாலிஸ்கானில் அண்ணல் அம்பேத்கரை ஏற்றி ஓட்டக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். வழியில் விபத்து நடந்தது, அண்ணலுக்குக் கால் எலும்பு முறிந்தது. தவறு ஓட்டியவர் மீதா? கடிவாளம் அவர் கைக்கு வருவதற்கு முன்பே சாதி அந்த விபத்தை முடிவு செய்துவிட்டது.

கடைசியில் அவனிடம் சொன்னேன்: “கட்டுடா. உன் உசுரு அந்த ஐந்நூறை விடப் பெருசு. ஆனா அது கத்துனா ஓரங்கட்டித் தூங்கணும். வண்டி பேசும்போதே, ராத்திரி எனக்கு எங்க படுக்கைன்னு கேளு.”

“அப்படிக் கேட்டா வேற டிரைவரைக் கூப்பிட்டுக்குவாங்க மாமா.”

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். தனியாகக் கேட்டால் அவன் பிழைப்பு போகும். அடுத்த பௌர்ணமிக்கு முன் பத்துப் பேராகச் சேருங்கள். நம்ம ஊர் லாட்ஜுகளின் வரவேற்பறையில் நின்று ஒரே கேள்வி கேளுங்கள்: இங்கே டிரைவர்கள் எங்கே தூங்குகிறார்கள்? பதிலை எழுதி ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளில் கொடுப்போம். நானும் வருகிறேன்.