வலக்கைப் பக்கம் மலை

சித்திரை மாதத்துப் புதன்கிழமை. பௌர்ணமியும் இல்லை, பிரதோஷமும் இல்லை. அதிகாலை நாலேகாலுக்கு, திருவண்ணாமலைக் கோயிலின் 217 அடி உயர ராஜகோபுரத்தின் முன்னால் ஒரே ஒரு கற்பூரம் எரிகிறது. ஏற்றியவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. நூல் சேலை, தோளில் மஞ்சள் துணிப்பை, வெறுங்கால். கற்பூரம் அணையும்வரை நின்றுவிட்டு, தெற்கே திரும்பி நடக்கிறார். துணைக்கு யாரும் இல்லை.

கோயிலுக்குள் வசந்த உற்சவம் நடக்கும் மாதம் இது. இரவில் சுவாமி மகிழமரத்தை வலம் வரும்போது கயிற்றில் ஆடிவரும் பொம்மை மேலிருந்து பூக்கொட்டும். பார்க்கக் கூட்டம் நெருக்கும். விடியுமுன் தெருவில் அந்தச் சந்தடியின் சுவடே இல்லை. திருவண்ணாமலை தனக்குத்தானே இருக்கும் நேரம் இதுதான் என்று தோன்றுகிறது.

மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திரன், அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என்று எட்டுத் திசைக்கும் ஒவ்வொரு லிங்கம். வழி தவற வாய்ப்பே இல்லை. குமரிக் கரையில் தனியாகக் கட்டுமரம் தள்ளும் மீனவர் கரைமேல் தெரியும் மலையைக் குறி வைத்துக் கடலில் தன் இடத்தை அறிவார். இங்கும் அப்படித்தான், மலை எப்போதும் வலக்கைப் பக்கம். மலையை ஒட்டிய ஓரம் சித்தர்களும் தேவர்களும் நடக்கும் தடம் என்பது இங்குள்ளவர் நம்பிக்கை. ஆள் இல்லாத சாலையிலும் அந்த அம்மா இடப்பக்கம் ஒதுங்கியே போகிறார்.

ரமணாசிரமத்து வாசல் இன்னும் இருட்டில். 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதுப் பையனாகத் தனியே வந்து இறங்கிய ரமணர், பிறகு இந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை. அம்மா வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடக்கிறார். எமலிங்கத்தில் கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, மீதியைக் காலண்டர் தாளில் மடித்து இடுப்பில் செருகுகிறார்.

செங்கம் சாலையைவிட்டு வலப்பக்கம் திரும்பியதும் காடு. மயில் ஒன்று அகவுகிறது. புங்கமரங்கள் புதுத்தளிர் விட்டிருக்கின்றன; ஆனால் மலைச்சரிவில் புல் காய்ந்து சருகாகிக் கிடக்கிறது. ஓரிடத்தில் கருகிய திட்டு. கோடையில் இந்த மலையில் தீப்பிடிப்பது உண்டு. வனத்துறையினரும் ஊர் இளைஞர்களும் பச்சைத் தழையை ஒடித்து அடித்தே அணைப்பார்கள். அந்தத் திட்டைப் பார்த்ததும் அம்மாவின் நடை தளர்கிறது. உதடு ஏதோ சொல்கிறது, கேட்கவில்லை.

மேற்குப் பக்கம் வரும்போது விடிந்துவிட்டது. ஆனால் வெயில் வரவில்லை. தூரத்து வயல்களில் மஞ்சள் வெளிச்சம் விழுந்த பிறகும், மலையின் நிழல் சாலைமேல் படுத்திருக்கிறது. நாள்தோறும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மலையைத் தாண்டித்தான் சூரியன் வரவேண்டும். அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை. கிளாஸை நீட்டியபடி கடைக்காரர் கேட்கிறார்:

"தனியாவா சுத்துறீங்கம்மா?"

"தனியாத்தான்பா. பேசிக்கிட்டே வந்தா மலையைப் பாக்க மறந்துடுது."

கிழக்கே ஒன்று, வழியில் இரண்டு, மேற்கே மூன்று, சுற்றி முடிக்கையில் ஐந்து என்று மலைக்கு முகம் சொல்வார்கள். அம்மா திருப்பத்துக்குத் திருப்பம் நின்று பார்க்கிறார். குபேரலிங்கத்தில் ஒரு நாணயம் போடுகிறார். அதைத் தாண்டி இடுக்குப் பிள்ளையார். ஆள் ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்தால்தான் நுழைய முடிகிற சந்து. பையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. முதலில் பையை உள்ளே தள்ளுகிறார். பிறகு ஒரு தோளை நுழைத்து, முழங்கையை ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டு ஊர்கிறார். மறுபக்கம் வெளிப்பட்டதும் சேலையைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைக் கூட்ட நாளில் பார்த்திருக்க முடியாது.

ஈசான்யலிங்கத்தை அடையும்போது மணி எட்டு. தார் சுடத் தொடங்கிவிட்டது. சாலையோரத்து வெள்ளைக் கோட்டின்மேல் பாதம் வைத்து வைத்து, எட்டரைக்குக் கோபுரத்தடிக்கு வந்துவிடுகிறார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பேருந்து நிலையம் பக்கம் போகிறார்.

சித்ரா பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் லட்சக்கணக்கில் வருகிறோம். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தே சுற்றி முடிக்கிறோம். இளவேனிலில் ஒரு சாதாரண நாள், விடியுமுன், தனியாக ஒருமுறை வந்து பாருங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். காட்டோரம் மட்டும் கற்பூரமோ பீடித்துண்டோ வேண்டாம். அந்தப் புல் ஒரு பொறியைக்கூடத் தாங்காது.