மறையும் சூரியனுக்கு முதல் மரியாதை

உதிக்கும் சூரியனைக் கும்பிட யாரும் வருவார்கள். மறையும் சூரியனுக்கு முதல் மரியாதை செய்வது பீகார். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் மாலை, பாட்னாவின் கங்கைப் படித்துறைகளில் இடுப்பளவு தண்ணீரில் விரதக்காரர்கள் நிற்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். சத் பூஜை. முந்தைய இரவு வெல்லப் பாயசமும் ரொட்டியும் சாப்பிட்டதோடு சரி. மறுநாள் சூரியோதயம் வரை, சுமார் 36 மணி நேரம், பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

இதற்குப் புரோகிதர் வேண்டாம். பெண்களின் பாட்டே மந்திரம். ஆனால் மடிக்குக் குறைவில்லை. வெங்காயம், பூண்டு வீட்டுக்குள் நுழையாது. புது மண் அடுப்பு, மாமர விறகு. அதில் கோதுமை மாவையும் வெல்லத்தையும் பிசைந்து நெய்யில் பொரிக்கும் தேக்குவாதான் முக்கியப் பிரசாதம். (பல்லுக்குச் சோதனை, ஆனால் நாள்கணக்கில் கெடாது.)

இத்தனை மடியான பிரசாதத்தை ஏந்தும் மூங்கில் முறத்தைப் பரம்பரையாகப் பின்னித் தருபவர்கள், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட டோம் சாதியினர். படித்துறையில் சாதி வித்தியாசமே இல்லை என்று பாட்னாவாசிகள் பெருமைப்படுவார்கள். அது எந்த அளவுக்கு நிஜம் என்று முறம் பின்னும் தெருவில்தான் விசாரிக்க வேண்டும். மூங்கில் முறத்தை ஆண்டுதோறும் புதிதாக வாங்கியாக வேண்டும் என்பதால் அவர்களுக்கு இது பிழைப்பு. இப்போது கடைகளில் பித்தளை முறம் வந்துவிட்டது. ஒருமுறை வாங்கினால் போதும், தேய்த்துக் கழுவி அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.