வாட்டம்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். மணிமங்கலம் பக்கம் ஒரு கிரவுண்டு வாங்கியிருக்கிறாராம். வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். "நீதான் முடிச்சூர்க்காரனாச்சே... மனையை எத்தனை அடி ஏத்தணும்? மூணு போதுமா, நாலா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

முடிச்சூரில் மனை வைத்திருக்கும் எவருக்கும் காலம் இரண்டு வகைதான். 2015-க்கு முன், 2015-க்குப் பின். அந்த டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் கொட்டியது 49 செ.மீ. நான் பி.காம். படித்தவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மேல் 49 செ.மீ. மழை என்றால் சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் லிட்டர். கோடையில் கெஞ்சிக் கூத்தாடி வரவழைக்கிறோமே, 12,000 லிட்டர் தண்ணி லாரி... அதில் ஒன்பது லாரி. ஒரே ஒரு மனைக்கு! இது போதாதென்று ஆதனூர் பக்கமிருந்து வரும் அடையாறும் கரை தாண்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு விட்டார்கள்.

அப்போது என் மனை காலி. பக்கத்து வீட்டு ரயில்வே சார் குடும்பத்தோடு இரண்டு ராத்திரி மொட்டை மாடியில் இருந்தார். அதனால் 2017-ல் நான் வீடு கட்டியபோது மேஸ்திரிக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான். "நம்ம வீட்டுக்குத் தண்ணி வரக் கூடாது."

மூன்றடி ஏற்றினோம். 7,200 கன அடி மண். நூறு கன அடி ஒரு யூனிட். மூணு யூனிட் டிப்பரில் 24 லோடு. அமுங்குவதற்காகக் கூட ஐந்தாறு லோடு. கட்டட இடிபாட்டைக் கொட்டினால் பாதி விலை என்றார் லாரிக்காரர். மேஸ்திரி விடவில்லை. "உள்ளே பொந்து பொந்தா நிக்கும் சார். ரெண்டு மழை போனா தரை வெடிச்சிடும்." கிராவலை முக்கால் அடி கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்து, அதன் மேல் அடுத்த அடுக்கு. கடைக்காலை மட்டும் கொட்டிய மண்ணில் நிறுத்தாமல், பழைய தரைக்கும் கீழே கெட்டி மண் வரை தோண்டினார். நல்ல வேலைக்காரர்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "மழைத் தண்ணிக்கு வாட்டம் எந்தப் பக்கம் சார் கொடுக்கறது?"

"எந்தப் பக்கமாவது கொடுங்க. வீட்டுக்குள்ள வராம இருந்தாப் போதும்."

இந்தப் பதிலின் விலை 2023 டிசம்பரில் தெரிந்தது. மிக்ஜாம் புயல். என் போர்டிகோவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காபி டம்ளரோடு நின்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். காம்பவுண்டுக்குக் கீழே இருந்து ஒரு குரல்.

"தம்பி, உங்க பக்கத்துலேர்ந்து ஊத்திட்டே இருக்கு. ஏதாச்சும் பண்ண முடியுமா?"

எட்டிப் பார்த்தேன். மண் பாரத்தில் சுவர் சாயாமல் இருக்க நாங்கள் விட்ட ஓட்டைகள் அத்தனையிலிருந்தும் என் மனைத் தண்ணீர் குட்டிக் குட்டி அருவியாக அவர் வீட்டுப் பின்கட்டில் விழுந்துகொண்டிருந்தது. ரயில்வே சார் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். அவர் வீடு கட்டியபோது ரோட்டிலிருந்து இரண்டு படி ஏற வேண்டுமாம். ரோடு மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது 2021-ல். அதற்குள் அவர் வாசல் பள்ளமாகிவிட்டது. அந்தப் பள்ளத்துக்கு என் பங்கும் சேர்ந்துவிட்டது.

ஒரு கணக்கில் வரவு எழுதினால் இன்னொரு கணக்கில் பற்று எழுதியே ஆக வேண்டும். கல்லூரியில் முதல் வருஷப் பாடம். என் மூன்றடி வரவு யார் பேரில் பற்று என்று ஆறு வருஷமாக நான் பார்க்கவே இல்லை.

"ஜாக்கி வெச்சு வீட்டையே தூக்கறாங்களாமே, பையன் விசாரிக்கறான்" என்றார் ரயில்வே சார். தூக்கலாம். அப்புறம் அவருக்கு அடுத்த வீட்டுக்காரர்?

தாம்பரத்துக்குக் கிழக்கே பாருங்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று நிரம்பினால் மிச்சம் அடுத்ததற்கு, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. ஏரி வெட்டியவர்கள் கரையை மட்டும் உயர்த்தவில்லை. கலங்கலும் வைத்தார்கள். மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்று முதலிலேயே யோசித்திருக்கிறார்கள். நான் கரை மட்டும் கட்டினேன்.

தை பிறந்ததும் அதே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். மனை முழுக்கப் பின்பக்கம், ரயில்வே சார் வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தது. ஓட்டைகளை அடைத்துவிடலாமா என்று கேட்டேன். "சுவர் சாஞ்சிடும் சார். தண்ணிக்கு வேற வழி காட்டணும்." பக்கச் சந்தில் டைல்ஸைப் பெயர்த்து, சுவரை ஒட்டி உள்பக்கமாகப் பள்ளம் வெட்டி, ஓட்டை போட்ட பைப்பைப் புதைத்து ஜல்லி நிரப்பினார். பத்தடிக்கு ஒரு அங்குலம் வீதம் தெருப்பக்கம் வாட்டம். மொட்டை மாடித் தண்ணீர் முன்னால் வெட்டிய மழைநீர்க் கிணற்றுக்கு. வழிந்தால் தெருக் கால்வாய்க்கு. நாலு நாள் வேலை. 2017-லேயே செய்திருந்தால் ஒரு நாள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னேன். "எத்தனை அடிங்கறது அப்புறம். முதல்ல நல்ல மழையில குடையோட போய் மனையில நில்லு. தண்ணி எங்கேர்ந்து வருது, எங்கே போகுதுன்னு பார். பக்கத்து வீட்டு வாசப்படி எவ்வளவு கீழே இருக்குன்னும் பார்."

ரயில்வே சார் வீட்டுக்கு ரோட்டுத் தண்ணீர் இன்னமும் வருகிறது. அதைத் தடுக்க என்னால் முடியவில்லை. ஆனால் அடுத்த மழையில் அவரே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். எனக்குத் திக்கென்றது.

"ஒண்ணுமில்ல தம்பி. உங்க தண்ணி வரலைனு சொல்லத்தான் கூப்பிட்டேன்."