கொரியக் கோழியும் எங்கள் கூட்டு வணிகமும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பேராசிரியர் பணித்தபோது நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்துறையில் பயின்று வெளியேறிய நாங்கள் குறுந்தொகையைப் பற்றியோ சீறாப்புராணத்தைப் பற்றியோ எழுதுவோம் என அவர் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் கடந்த ஈராண்டாக எங்கள் சிந்தை முழுவதையும் நிறைத்திருந்தது கொரிய நாட்டுப் பொரித்த கோழியே! அதனையே எழுதுகிறோம், ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

எங்களுள் மூத்தவர் வளைகுடாவில் பதினோர் ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். இடையவர் தம் அத்தா சென்னையில் நடத்திவந்த சிறு உணவகத்தை ஏற்று நடத்துபவர். இளையவர் தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கெழுதுபவர். மூத்தவரின் சேமிப்பு, இடையவரின் கைப்பக்குவம், இளையவரின் கணக்கறிவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு தொழில் ஆகாதா என்பதே எங்கள் பேச்சின் தொடக்கம்.

கொரிய உணவு ஏன் எனக் கேட்கலாம். 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றியது. 1998-இல் அதன் முதல் மகிழுந்து வெளிவந்தது. அதனையொட்டிக் கொரியக் குடும்பங்கள் சென்னையில் குடியேறின. அவர்களுக்கான உணவகங்களும் தோன்றின. பின்னர் 2020-இன் ஊரடங்குக் காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் கொரியத் தொடர்களைக் கண்டு, கிம்ச்சி என்றும் ராமியன் என்றும் பேசத் தொடங்கினர். அத்தொடர்களில் பிள்ளைகள் தந்தையை ‘அப்பா’ என்றே விளிப்பதைக் கேட்டு எங்களுக்கும் ஒரு பாசம் பிறந்தது. கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நூல் எழுதினார். மொழியியலார் இன்று அவ்வுறவை ஏற்பதில்லை என்பது வேறு செய்தி. பாசத்திற்குச் சான்று வேண்டுமா என்ன?

தனியே கடை தொடங்குவதினும், பெயர்பெற்ற கொரிய நிறுவனம் ஒன்றின் பிரான்சைஸ், அதாவது கிளையுரிமை பெறுவதே நலம் என்றார் மூத்தவர். பெயர் அவர்களுடையது, செய்முறையும் அவர்களுடையது, உழைப்பு மட்டும் நம்முடையது என்பது அவர் வாதம். இளையவரோ கொரியாவின் கதையைத் தேடிப் படித்துவந்து எங்கள்முன் வைத்தார். அங்கே 1977-இல் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் தொடங்கிய பொரித்த கோழிக் கடையே கிளையுரிமை வணிகத்திற்கு முன்னோடி எனப்படுகிறது. 1980-ஐ ஒட்டித் தேகு நகரில், பொரித்த கோழியைக் காரமும் இனிப்பும் கலந்த சிவப்புச் சாஸில் புரட்டும் முறை பிறந்தது. 1997-இன் நிதி நெருக்கடியில் வேலையிழந்தோர் பலர், தங்கள் பணிக்கொடையைக் கொண்டு கோழிக்கடை திறந்தனர். 2019-இல் அந்நாட்டில் ஏறத்தாழ 87,000 கோழிக்கடைகள் இருந்ததாக ஒரு வங்கிக் குழுமத்தின் ஆய்வு சொல்லிற்று. திறப்பவற்றினும் மூடுபவை மிகுதி என்றும் அதே ஆய்வு சொல்லிற்று.

“இத்தனை கடை இருக்கிறதென்றால் ஓடுகிறது என்றுதானே பொருள், மச்சான்?” என்றார் மூத்தவர். பிற்பகுதி அவர் செவியில் விழவில்லை. எங்கள் செவியிலும் முழுமையாக விழவில்லை என்பதே உண்மை.

கொரிய நிறுவனம் ஒன்றின் இந்திய உரிமையை வைத்திருந்த ஓர் இடைநிறுவனத்தை அணுகினோம். நுழைவுக் கட்டணம், ஐந்தாண்டு ஒப்பந்தம், மாத விற்பனையில் ஒரு பங்கு ஆகியவற்றோடு சாஸ், மாவுக் கலவை, அட்டைப்பெட்டி அனைத்தையும் அவர்களிடமே வாங்கவேண்டும் என்பது நிபந்தனை. முன்பணமாக இரண்டு இலட்சம் ரூபாய் கட்டினோம். அத்தொகை திரும்பாது என்று ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது.

ஹலால் முறையில் அறுத்த கோழியை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள அவர்கள் இசைந்தனர். சாஸ் வாளி மாதிரிக்கு வந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. இடையவர் அதன் முகப்புச்சீட்டைப் படித்தார்; பொருள்களின் வரிசையில் ஆல்கஹால் என்றிருந்தது. சாஸுக்கு அடிப்படையான கொச்சுஜாங் என்னும் மிளகாய் விழுது, புளிக்கவைத்த சோயாவும் பசையரிசியும் மிளகாய்த்தூளும் உப்பும் சேர்ந்து மண்சாடியில் மாதக்கணக்கில் முதிர்வது. ஆலையில் செய்யும்போது, அடைத்தபின் மேலும் புளிக்காதிருக்கச் சிறிதளவு ஆல்கஹால் சேர்ப்பது வழக்கம். எங்கள் மகல்லாவின் இமாமிடம் சென்றோம். இத்தகைய சிற்றளவு குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று விரிவாக விளக்கிய அவர், “எதுவாயினும் வாங்குபவரிடம் மறைக்காதீர்கள்” என்றார்.

ஆல்கஹால் சேராத, ஹலால் சான்று பெற்ற கொச்சுஜாங் கொரியாவிலேயே ஏற்றுமதிக்காகச் செய்யப்படுகிறது. அதனைக்கொண்டு செய்த சாஸ் தருமாறு வேண்டினோம், மறுத்தனர். நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றோம். அதனினும் கடுமையாக மறுத்தனர். ஒரு வாளிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று இளையவர் கணக்கிட அமர்ந்தார். அவர்கள் குறித்திருந்த விலை, அதே தரத்துச் சாஸின் சந்தை விலையைப்போல ஏறக்குறைய இருமடங்கு! விற்பனைப் பங்கைக் குறைவாகக் கேட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. கடை இலாபம் ஈட்டினாலும் ஈட்டாவிட்டாலும் வாளிகள் இறங்கிக்கொண்டே இருக்கும். அவர்களுடைய வருவாய் அவ்வாளிகளுக்குள் இருந்தது.

கொரியாவில் இதற்கெனவே 2002-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தத்திற்குப் பதினான்கு நாள் முன்னரே நிறுவனம் தன் விவரங்களை எழுத்தில் தரவேண்டும். 2021 முதல், ஓராண்டேனும் தானே ஒரு கடையை நடத்திக்காட்டிய பின்னரே புதிய நிறுவனம் பிறருக்குக் கிளையுரிமை தரலாம். நம் நாட்டில் கிளையுரிமைக்கெனத் தனிச்சட்டம் இல்லை; 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே துணை. “நீங்கள் நேரடியாக நடத்தும் கடை எங்கே உள்ளது? சென்று பார்க்கிறோம்” என்று கேட்டோம். விரைவில் வரவிருக்கிறது என்றனர்.

கையெழுத்திட வேண்டாம் என்று இருவர் சொன்னோம். மூத்தவர் ஏற்கவில்லை. சேமிப்பு அவருடையது, கடைக்கென இடமும் பேசிவைத்திருந்தார். ஊரில் பலரிடம் சொல்லியும் விட்டார். “நீங்கள் இருவரும் இழக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அக்கேள்வியில் நியாயம் இருந்தமையால் எங்களிடம் விடையில்லை. மூன்று வாரம் பேச்சில்லை. முன்பணமும் திரும்பவில்லை.

இடையவர் தம் உணவகத்தின் ஓர் ஓரத்தில் அடுப்பொன்று வைத்தார். சான்று பெற்ற விழுதை வாங்கி, பூண்டும் வெல்லமும் சேர்த்துத் தாமே சாஸ் காய்ச்சினார். சோளமாவு பூசி, ஒருமுறை பொரித்து ஆறவிட்டு மறுமுறை பொரிக்கும்போதுதான் அந்த மொறுமொறுப்பு வருகிறது என்பதைப் பல கோழிகளைக் கருக்கியே கற்றோம். முதல் முறை இட்ட கிம்ச்சி சென்னை வெயிலில் ஒரே நாளில் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிற்று. இப்போது சில மணி நேரம் வெளியே வைத்துக் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுகிறோம். கொரியப் பெயர்ப்பலகை ஏதும் இல்லை. மாலை நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் வருகின்றனர், மழைநாளில் வருவதில்லை. இளையவர் வாரந்தோறும் கணக்கெழுதுகிறார். இழந்த முன்பணம் இன்னும் ஈடாகவில்லை.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பின் மூத்தவர் கடைக்குள் வந்தார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. ஒரு தட்டு வைத்தோம். ஒரு துண்டைத் தின்று முடித்துக் கையைத் துடைத்தவர், “உப்புச் சற்றுக் கூடுதல்” என்றார். பிறகு இரண்டாவது துண்டை எடுத்தார்.