சைப்ரஸ் அவென்யூவும் எங்கள் தெருவும்

வான் மாரிசன் கேட்பீர்களா? பெல்ஃபாஸ்ட்காரர். 1968-ல், 23 வயதில், ஊரை விட்டு அமெரிக்காவில் இருந்தபோது 'ஆஸ்ட்ரல் வீக்ஸ்' ஆல்பத்தை நியூயார்க்கில் பதிவு செய்தார். அதில் பெல்ஃபாஸ்ட்டின் சைப்ரஸ் அவென்யூ என்ற தெருவுக்கு ஒரு தனிப் பாட்டு.

நாற்பது வருடம் கழித்து, 2008 நவம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் ஹாலிவுட் பௌலில் இரண்டு இரவு அந்த ஆல்பம் முழுவதையும் மேடையில் பாடினார். பழைய பதிவில் கிடார் வாசித்த ஜே பெர்லினரும் கூட இருந்தார். அந்த லைவ் பதிவைத்தான் நேற்று, இரண்டாம் சனி லீவில் கேட்டேன். குரல் கனத்திருக்கிறது. பாட்டு வரிசையைக்கூட மாற்றியிருக்கிறார்.

"ஒரிஜினல் மாதிரி இல்லையேப்பா" என்றாள் மகள். எப்படி இருக்கும்? பாடுகிறவருக்கு 63 வயது. தெருவோடு சேர்த்து, அந்த 23 வயதையும் அல்லவா நினைத்துக்கொள்கிறார்!

2015-ல் தன் 70-வது பிறந்தநாளன்று அதே சைப்ரஸ் அவென்யூவிலேயே கச்சேரி செய்தார். கொடுத்துவைத்தவர்.

இந்தூர் எனக்கு ஐந்தாவது டிரான்ஸ்ஃபர். கும்பகோணத்து வீட்டைப் போன வருடம் விற்றாகிவிட்டது. தெரு அங்கேயேதான் இருக்கிறது, போனால் உட்காரத் திண்ணை இல்லை. மகளுக்கு அது நான் சொல்லும் கதைதான். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் மாறுகிறதாம். மாறிவிட்டுப் போகட்டும். சொல்வதை நிறுத்துவதாக இல்லை. உங்கள் வீட்டில் எப்படி?