பாதி மூடிய பானெட்

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்ற பழமொழியை வகுப்பில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் பொருளை எனக்கு உண்மையில் விளக்கியது ஒரு பழைய காரின் பானெட் பூட்டு. அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள் தோழியரே!

திண்டுக்கல்லில் வசிக்கும் என் தாத்தாவிடம் 1984-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாரா ஆலையில் 2014 வரை தயாரிக்கப்பட்ட கார் அது. அம்மா மணப்பெண்ணாக ஊர்வலம் வந்ததும், நான் பிறந்து மருத்துவமனையிலிருந்து வீடு வந்ததும் அதில்தான். தாத்தா அதைக் கார் என்று சொல்ல மாட்டார். “நம்ம பெரியவர்” என்பார்.

2023-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு நாள், வத்தலக்குண்டில் உள்ள சித்தி வீட்டுக்குப் புறப்பட்டோம். “ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிவிட்டு பானெட்டை மூடம்மா” என்றார் தாத்தா. ஊற்றினேன், மூடினேன். ஆனால் வழக்கமாகக் கேட்கும் ‘டக்’ என்ற அழுத்தமான சத்தம் கேட்கவில்லை. பானெட்டின் விளிம்பு ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. அதை நான் பார்த்தேன். ஆனால் மாமாவுக்கு முன்பாக ஓடி முன் இருக்கையைப் பிடிக்க வேண்டுமே என்ற அவசரம்! “மூடியாச்சு தாத்தா” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

செம்பட்டியைத் தாண்டியதும் எதிரே ஒரு லாரி வேகமாக வந்து எங்களைக் கடந்தது. அந்தக் காற்றில் பானெட் படாரென்று எழும்பிக் கண்ணாடியின்மேல் சாய்ந்தது. முன்னால் சாலையே தெரியவில்லை! அம்மா அலறிவிட்டார். தாத்தா மட்டும் பதறவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சாலையைப் பார்த்துக்கொண்டே, வேகத்தை மெல்லக் குறைத்து, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. கண்ணாடியில்தான் ஒரு கீறல்.

மாமாவுக்கு வந்ததே கோபம்! “அப்பா, உங்களுக்கு எழுபத்தாறு வயதாகிறது. பானெட் மூடியிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள். இந்த வாரமே இதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம்” என்றார். தாத்தா என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான் பார்த்திருக்க வேண்டும்” என்றார். நானோ வாயே திறக்கவில்லை.

பானெட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். இரண்டு நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தாத்தா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கப்போகும் காரை எதற்குத் துடைக்கிறார் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “தாத்தா, அன்றைக்கு அது சரியாக மூடவில்லை என்று எனக்குத் தெரியும்” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பாதிக் குற்றம் உன்னுடையது. மீதியை வந்து பார்” என்று பானெட்டைத் தூக்கினார்.

பானெட்டின் அடியில் கூர்முனையுள்ள ஒரு முளை இருந்தது. அதைச் சுற்றி ஸ்பிரிங். மூடும்போது அந்த முளை கீழேயுள்ள துவாரத்தில் இறங்கும். அங்கே ஒரு தகடு நகர்ந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டேஷ்போர்டின் அடியிலுள்ள குமிழை இழுத்தால், கேபிள் அந்தத் தகட்டை விலக்கும். தகடு தவறினாலும் பானெட் எழும்பாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கொக்கி; அது இரண்டாம் காவல். எங்கள் காரில் பழைய கிரீசும் தூசியும் இறுகித் தகடு பாதியிலேயே நின்றுவிட்டது. கொக்கியின் ஸ்பிரிங்கோ துருப்பிடித்து அறுந்து கிடந்தது. “எத்தனை மாதமாக இப்படியோ! நான் குனிந்து பார்க்கவே இல்லை” என்றார் தாத்தா.

இருவரும் வேலையில் இறங்கினோம். பழைய டூத் பிரஷ்ஷை டீசலில் தோய்த்து, தகடு தடையின்றி நகரும்வரை தேய்த்தேன். கேபிளின் உறைக்குள் எண்ணெய் விட்டோம். கொக்கிக்கு வேண்டிய ஸ்பிரிங், காரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்த அதே காயலான் கடையில் கிடைத்தது! தாத்தா லாக் நட்டைத் தளர்த்தி, முளையின் நீளத்தைத் திருகிச் சரிசெய்தார். நீளம் கூடினால் பானெட் சரியாக உட்காராமல் ஆடும். குறைந்தால் முளை தகட்டை எட்டாது.

உடனே மூடப்போன என்னைத் தாத்தா தடுத்தார். பழுதான பூட்டில் மூடிவிட்டால் பிறகு திறப்பது பெரும்பாடாம். திருப்புளியால் தகட்டைத் தள்ளி, அது தானாகத் திரும்புகிறதா, குமிழை இழுத்தால் விலகுகிறதா என்று பார்த்த பிறகே மூடச் சொன்னார். ‘டக்!’ அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக என்றுமே கேட்டதில்லை. பத்து முறை மூடினோம். பத்து முறையும் கையால் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போது எல்லோர் முன்னிலையிலும் மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்பாவிடம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றார். கார் விற்கப்படவில்லை. ஆனால் நெடுந்தூரம் போனால் மாமாதான் ஓட்டுகிறார். தாத்தா கடைத்தெருவுக்கு மட்டும் எடுத்துப் போகிறார். அதற்கு அவரும் சம்மதித்துவிட்டார்.

தோழியரே, தேருக்கு அச்சாணி வேண்டும். அது கழன்றிருப்பதைக் கண்டவர் வாய் திறந்து சொல்லவும் வேண்டும். இப்போதெல்லாம் எந்த வேலையைச் செய்தாலும், ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டே ‘முடிந்தது’ என்று சொல்கிறேன்.